மகன் பார்த்த தாய், தாய் பார்த்த மகன்: சமகால இலக்கியத்தில் ஓர் உறவை வாசிப்பது எப்படி

'சமகால இலக்கியத்தில் தாயும் மகனும்' என்று ஒரு தலைப்பைக் கண்டதும், பாசத்தையும் தியாகத்தையும் பற்றிய நெகிழ்ச்சியான எழுத்துகள்தாம் அதில் அடங்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அத்தகைய எழுத்துகள் தமிழில் ஏராளமாக உள்ளன; அன்னையர் தினச் சிறப்பிதழ்களுக்கும் கவியரங்குகளுக்கும் அவை போதும். இலக்கிய விமரிசகர்களோ இத்தலைப்பின் கீழ் சில கேள்விகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கதையில் தாய் யாருடைய கண்களால் பார்க்கப்படுகிறாள், அவளுடைய வாழ்க்கையில் மகனுக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு, தெரியாத பகுதியை அறிய நேரும்போது மகனுக்கு என்ன ஆகிறது என்பவை அவற்றுள் முதன்மையானவை. இக்கேள்விகளைப் புதிதாக அணுகும் வாசகருக்காக, அதிலும் கொழும்பில் இருந்துகொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பவரை மனத்திற்கொண்டு, இக்கட்டுரையை எழுதுகிறேன். கொழும்பைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த உறவை ஆழமாகத் தொட்ட ஆங்கில நாவல்கள் சில, நாம் அன்றாடம் நடமாடும் காலி வீதியையும் கடலோரப் புகையிரதப் பாதையையும் ஒட்டியே நிகழ்கின்றன.

பழைய இலக்கியத்திலிருந்து தொடங்கினால்தான் சமகால எழுத்து எதை மாற்றியது என்பது விளங்கும். புறநானூற்றின் 86ஆம் பாடலில், சிறிய வீடொன்றின் தூணைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஒருவர், "உன் மகன் எங்கே?" என்று கேட்கிறார். காவற்பெண்டு பாடிய அப்பாடலில் தாய் கூறும் விடை புகழ்பெற்றது. அவன் எங்கே இருக்கிறானோ நான் அறியேன்; புலி தங்கிவிட்டுப் போன கற்குகையைப் போன்றது அவனைப் பெற்ற இந்த வயிறு; அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள் அவள். 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாயிடம், மகன் களத்தில் புறங்கொடுத்து இறந்தான் என்று பலரும் வந்து சொல்கிறார்கள். அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துவிடுவேன் என்று சினந்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் அவள், மகனின் உடல் சிதைந்து வேறாகிக் கிடப்பதைக் காண்கிறாள். அவன் புறங்கொடுக்கவில்லை என்று தெளிகிறாள். 'ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே' என்று பாடல் முடிகிறது.

இந்த முடிவோடு 69ஆம் குறளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்' என்பது நாம் சிறுவயதிலேயே மனனம் செய்த குறள். பெற்ற நாளைவிடப் பெரிய மகிழ்ச்சி என்ற அதே அளவுகோல் ஓரிடத்தில் மகனின் பிணத்துக்கும் இன்னோரிடத்தில் மகனின் நற்பெயருக்கும் வைக்கப்படுகிறது. இரண்டு இடங்களிலும் தாய்க்கு மகனைப் பற்றிய செய்தி பிறர் வாயிலாகவே வந்து சேர்கிறது. ஊர் என்ன சொல்கிறது என்பதைக் கொண்டே அவள் நொந்துபோகிறாள் அல்லது மகிழ்கிறாள். இத்தகைய புறப்பாடல்கள் சிலவற்றைப் பாடியவர்கள் பெண்பாற் புலவர்கள் என்பது உண்மைதான். எனினும் அங்கே பேசும் தாயின் குரலுக்குள் அரசும் குடியும் நின்று பேசுவதை எவரும் கேட்கலாம். அவளுக்கென்று தனியாக ஒரு விருப்பமோ, ஊருக்குச் சொல்லாத ஒரு நினைவோ அங்கே இடம்பெறவில்லை.

எதிர்த்திசையில் நிற்பது பட்டினத்தார் தம் தாயின் சிதைக்கு முன் பாடியவையாகச் சொல்லப்படும் பாடல்கள். 'ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்து பெற்று' என்று தொடங்கும் பாடலை, எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் யாராவது ஒரு பெரியவர் இன்றும் குரல் தழுதழுக்கப் பாடுவார். அங்கே பேசுபவர் மகன், தாய் இறந்துவிட்டாள். அவள் செய்தவையெல்லாம் அவனுக்காகச் செய்தவை: சுமந்தாள், பெற்றாள், பாலூட்டினாள், சீராட்டினாள். பாடலின் துயரம் உண்மையானது. ஆயினும் மகனைச் சாராத ஒரு வினைகூட அவளுக்கு அதில் இல்லை என்பதைத் தொடக்கநிலை வாசகர் ஒருமுறை குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் சமகால எழுத்து கைவைத்தது இந்த இடத்தில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுறவைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு புதிய சொல்லாட்சியைத் தந்தவர் உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்ட். 1899 இறுதியில் வெளிவந்த கனவுகளைப் பற்றிய நூலில், தந்தையைக் கொன்று தாயையே மணந்த ஈடிப்பஸ் மன்னனின் கிரேக்கக் கதையை எடுத்துக்கொண்டு, எல்லாச் சிறுவர்களின் ஆழ்மனத்திலும் தாயின் மீது பற்றும் தந்தையின் மீது போட்டியும் இருக்கின்றன என்று அவர் வாதிட்டார். 1913இல் வந்த டி. எச். லோரன்ஸின் 'சன்ஸ் அன்ட் லவர்ஸ்' என்ற நாவல் அவ்வாதத்துக்கு உதாரணம்போலவே வாசிக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளியான கணவனிடம் மனம் ஒட்டாமற்போன ஒரு தாய், தன் எதிர்பார்ப்பை எல்லாம் பிள்ளைகள் மீது ஏற்றுகிறாள். இரண்டாவது மகனால் வேறொரு பெண்ணை முழுமையாக நேசிக்க முடியாமல் போகிறது. இந்த நாவலுக்குப் பின் நீண்ட காலம் வரை, தாயும் மகனும் வரும் எந்தக் கதையைக் கண்டாலும் விமரிசகர்கள் ஈடிப்பஸை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இது சலிப்பூட்டும் பழக்கம் என்பது என் கருத்து. அது திறந்த கதவுகளைவிட மூடிய கதவுகளே அதிகம்.

நம்மிடம் இதற்கு ஒரு வாய்மொழிக் கதை இருக்கிறது. பிள்ளையார் ஏன் குளக்கரையிலும் ஆற்றங்கரையிலும் தனியே அமர்ந்திருக்கிறார் என்று கேட்டால், தன் தாயைப் போல் ஒரு பெண் கிடைத்தால் மணம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்கு வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இதில் கொலையும் இல்லை, ஈடிப்பஸைப் போல் தன் கண்ணைக் குத்திக்கொள்ளும் தண்டனையும் இல்லை. காத்திருப்பு மட்டுமே உண்டு. கவிஞரும் நாட்டார் கதை ஆய்வாளருமான ஏ. கே. ராமானுஜன் இந்தியக் கதைகளில் ஈடிப்பஸ் எப்படித் தோன்றுகிறார் என்று ஆராய்ந்தபோது, இங்கே பெரும்பாலும் திசை மாறியிருக்கிறது என்று காட்டினார்: மகன் தந்தையை வீழ்த்துவதற்குப் பதிலாகத் தந்தையின் வலிமை மகனை அடக்குகிறது, தாயின் பற்றே மகனை நோக்கிப் பாய்கிறது. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவும் 1990இல் வெளிவந்த தம் நூலில், பிராய்டின் கோட்பாட்டை நம் பண்பாடுகளுக்கு அப்படியே பொருத்த இயலாது என்று விரிவாக விவாதித்தார். இந்த விவாதங்களின் உள்விவரங்கள் தொடக்கநிலை வாசகருக்கு உடனடியாகத் தேவையில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையிலான உறவு எங்கும் ஒரே வடிவில் இருக்கும் இயற்கைப் பொருளென்று கொள்ளாமல், குடும்ப அமைப்பும் சாதியும் சொத்தும் சேர்ந்து உருவாக்கும் ஒன்றாக அதை வாசிக்கலாம் என்பது மட்டும் பிடிபட்டால் போதும்.

இதைவிடப் பயனுள்ள கருவியைத் தந்தவர் அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச். மூன்று ஆண்பிள்ளைகளை வளர்த்த அவர் 1976இல் வெளியிட்ட நூலில், தாய்மை என்ற பெயரால் இரண்டு வேறு விடயங்களைக் குழப்பிக்கொள்கிறோம் என்றார். ஒன்று, ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் இடையில் உண்மையில் நிகழும் அனுபவம். அதில் அன்பும் உண்டு, எரிச்சலும் களைப்பும் உண்டு. மற்றது, தாய் என்பவள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சமூகம் கட்டி வைத்திருக்கும் நிறுவனம். மாமியார், மதகுரு, பாடநூல், திரைப்படம், அரசு எல்லாம் அந்த நிறுவனத்தின் காவலர்கள். இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதையைத் திறந்தாலும், தாய் எந்த இடத்தில் தன் அனுபவத்திலிருந்து பேசுகிறாள், எந்த இடத்தில் நிறுவனம் அவள் வாயால் பேசுகிறது என்று கேட்க முடிகிறது. கதையின் முடிச்சு பெரும்பாலும் இவ்விரண்டும் மோதும் இடத்திலேயே இருக்கும்.

தமிழில் இந்த மோதலை முதன்முதலில் அஞ்சாமல் எழுதிய நாவலென்று தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலையே சொல்வேன். 1966இல் வந்த நாவலைச் சமகாலம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். ஆண்டைப் பார்த்தால் தயக்கம் வரும், உள்ளே போனால் வராது. காவிரிக்கரை வேதபாடசாலை ஒன்றில் பல ஆண்டுகள் படித்து முடித்த அப்பு சென்னையில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறான். கணவனும் பிள்ளைகளும் இருக்கும் அந்த வீட்டுக்கு, சிவசு என்ற இன்னொருவர் வந்துபோவதையும், தன் தாய் அலங்காரத்தம்மாளுக்கும் அவருக்கும் இடையிலுள்ள உறவையும், தந்தை தண்டபாணி எல்லாம் தெரிந்துகொண்டு மௌனமாக இருப்பதையும் அவன் மெல்ல மெல்ல அறிகிறான். தன்னை வேதம் படிக்க அனுப்பியதே தாய் தன் பாவத்துக்குத் தேடிய பரிகாரம் என்பதும் அவனுக்குப் புரிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது எழுத்தாளர் செய்யாமல் விட்ட ஒன்று. அலங்காரத்தம்மாளை அவர் தண்டிக்கவில்லை. மன்னிக்கும் அதிகாரத்தை மகனிடம் கொடுக்கவுமில்லை. அவள் கம்பீரமும் அழகும் குறையாத பெண்ணாகவே நாவல் முழுவதும் நடமாடுகிறாள். மகன் ஞானியாகித் தன்னைக் கரையேற்றுவான் என்று அவள் நம்பியிருக்க, அவனோ பாடசாலையில் தன்னை நேசிக்கும் விதவைப் பெண் இந்துவிடம் திரும்புகிறான். அவனைத் தேடி வரும் தாய், பின்னர் காசிக்குப் புறப்பட்டுவிடுகிறாள். மகன் தாயின் பாவத்தைக் கழுவும் கருவியாக இருக்க மறுக்கிறான். தாய் மகனின் பெருமைக்கு அடையாளமாக இருந்து முடிக்க மறுக்கிறாள். குறளின் தாயும் சான்றோனும் இங்கே தங்கள் இடத்தை விட்டு எழுந்துவிட்டார்கள். நாவல் வெளிவந்தபோது கடுமையான கண்டனங்களைச் சந்தித்ததில் வியப்பில்லை.

இதே அறிதல் கொழும்பில் ஒரு சிறுவனுக்கு நிகழும் நாவல் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்'. 1994இல் வெளிவந்த இந்நூல், 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலில் முடியும் ஆறு கதைகளால் ஆனது. கதையைச் சொல்பவன் அர்ஜி. முதற்கதையில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் மச்சாள்மார் எல்லோரும் பாட்டன் பாட்டி வீட்டில் கூடி விளையாடுகிறார்கள். பெடியன்கள் முன்வளவில் கிரிக்கெட் ஆட, அர்ஜி பின்வளவில் பெண்பிள்ளைகளோடு மணமகள் விளையாட்டு விளையாடுகிறான். மணமகளாகச் சேலை உடுப்பவனும் அவன்தான். தாய் வெளியே புறப்படும் நாட்களில் அவளுடைய அறைக்குள் அமர்ந்து, அவள் சேலை கட்டுவதையும் நகை அணிவதையும் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குக் கோயிலில் பூசை பார்ப்பதற்கு நிகரானது. ஒருநாள் சேலையோடு பெரியவர்கள் முன் இழுத்து நிறுத்தப்படுகிறான். ஒருவர் கேலி செய்கிறார், தந்தையின் முகம் மாறுகிறது. வீட்டுக்குப் போனபின் தந்தை தாயைக் குற்றம் சாட்டுகிறார். அடுத்த முறை தாய் உடுத்தும்போது, அறைக்கதவு அவனுக்குச் சாத்தப்பட்டுவிடுகிறது.

அந்தக் கதவை மூடும் தாயை உற்றுப் பார்க்க வேண்டும். ஏன் பெடியன்களோடுதான் விளையாட வேண்டும் என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். வானம் அவ்வளவு உயரம், பன்றிகளுக்குப் பறக்க முடியாது, அதனால்தான் என்று அவள் ஓர் ஆங்கிலச் சிறுவர் பாட்டின் பாணியில் எரிந்து விழுகிறாள். அது விடையே இல்லை என்பது அவளுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். தான் நம்பாத ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டிய நிலையில் ஒரு தாய் நிற்கிறாள். காரணம் கேட்டால் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. ரிச் சொன்ன நிறுவனத்தை இவ்வளவு சிறிய காட்சியில், ஒரு படுக்கையறைக் கதவையும் அர்த்தமற்ற ஒரு வரியையும் கொண்டு காட்டிய எழுத்து அதிகம் இல்லை.

அதே நூலின் மூன்றாவது கதையில் நிலைமை தலைகீழாகிறது. தந்தை வெளிநாடு போயிருக்கும் காலத்தில், டரில் என்ற பறங்கி இனத்துப் பத்திரிகையாளர் அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறார். தாய் மணமாகுமுன் அவரை நேசித்திருந்தாள் என்பதும், இனம் வேறு என்பதால் அது நடக்கவில்லை என்பதும் அர்ஜிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்குகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட காலம் அது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடப்பவற்றை விசாரிக்க வடக்கே போன டரிலின் உடல் பின்னர் ஒரு கடற்கரையில் கரையொதுங்குகிறது. தாய் பொலிசாரிடம் போகிறாள்; ஒரு சட்டத்தரணியைப் பார்க்கிறாள்; டரிலின் வீட்டில் வேலை செய்த பையனைத் தேடி அவனுடைய கிராமம் வரைக்கும் போகிறாள். மகன் கூடவே போகிறான். தாயின் காதலைக் கண்டு முதலில் கோபப்பட்ட அதே சிறுவன், அவளுடைய துணிச்சலுக்கும் தோல்விக்கும் ஒரே சாட்சியாக மாறுகிறான். முதற்கதையில் தாய் மகனின் இரகசியத்தை அடக்கினாள். மூன்றாவது கதையில் மகன் தாயின் இரகசியத்தைக் காக்கிறான். செல்வதுரை இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வாசித்தால் வாசகருக்கே தென்படும்.

இலங்கை எழுத்தில் இவ்வுறவைப் பேசும்போது போரைத் தவிர்க்க இயலாது. புறநானூற்றுத் தாய் இங்கே மறுபடியும் அழைக்கப்பட்டாள். மேடைப் பேச்சுகளிலும் பரணிகளிலும் மகனை விழிநீர் சிந்தாமல் களத்துக்கு அனுப்பும் வீரத்தாய் வாழ்த்தப்பட்டாள். அந்த வாழ்த்துக்கு ஒரு சிறுகதை மறுமொழி சொன்னது. ரஞ்சகுமார் எழுதி, 1989இல் வந்த 'மோகவாசல்' தொகுப்பில் இடம்பெற்ற 'கோசலை', இயக்கத்துக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு யாழ்ப்பாணத் தாயின் கதை. இராமன் காட்டுக்குப் போனபோது வீட்டில் எஞ்சி நின்றவளின் பெயரைத் தலைப்பில் வைத்தமையால், காவியம் மகன்களோடு போய்விட, கதை அடுப்படியிலும் முற்றத்திலும் தங்கிவிடுகிறது. காவற்பெண்டு பாடிய தாயிடம் கேட்கப்பட்ட அதே கேள்விதான்: உன் மகன் எங்கே? ஆனால் இந்தத் தாயால் அப்படிப் பெருமிதமாக விடை சொல்ல முடியாது. கேட்பவர் கையில் துவக்கு இருக்கலாம்.

அந்தக் கேள்வி வீதிக்கும் வந்தது. 1984இல் யாழ்ப்பாணத்தில் கைதான இளைஞர்களுக்காகத் தாய்மார் ஊர்வலமாகக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச செயலகத்துக்கு, போனார்கள். வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' என்ற 2023ஆம் ஆண்டு நாவல் அத்தகைய ஓர் ஊர்வலத்தைச் சித்திரிக்கிறது. 1990இல் தெற்கில் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் தாய்மார் மாத்தறையில் முன்னணி அமைத்தார்கள். 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோர் உறவினரின் போராட்டத்திலும் முன்னே அமர்ந்திருந்தவர்கள் தாய்மாரே. தாய் என்ற அடையாளம் ஓர் அரசியல் மொழியாக எப்படிச் செயற்பட்டது, அதன் வலிமை எது, எல்லை எது என்று மானிடவியலாளர் மாலதி டி அல்விஸ் எழுதிய ஆய்வுகள், நாவல்களை வாசிப்பதற்கு முன்போ பின்போ வாசிக்கத்தக்கவை. அழும் தாயை அரசு அடித்து விரட்டத் தயங்கும். அதே வேளை, அழுவதைத் தவிர வேறெதையும் அவளிடமிருந்து எதிர்பார்க்காது. நிறுவனமாக்கப்பட்ட தாய்மை ஒரே நேரத்தில் கேடயமாகவும் கூண்டாகவும் இருந்ததை இந்த வரலாறு காட்டுகிறது.

கொழும்பில் பிறந்த அனுக் அருட்பிரகாசம் எழுதி, 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த 'அ பசேஜ் நோர்த்' நாவலில், போரில் இரண்டு ஆண்பிள்ளைகளை இழந்த ராணி என்ற பெண் கொழும்பு வீடொன்றில் ஒரு முதியவளைப் பராமரிக்கும் வேலைக்கு வருகிறாள். கதையின் நாயகன் கிருஷான் அந்த முதியவளின் பேரன். போரைத் தூரத்திலிருந்து அறிந்தவன். ராணி கிணற்றில் விழுந்து இறந்தாள் என்ற செய்தியோடு கதை நகரத் தொடங்குகிறது. அவளுடைய மகன்களின் தலைமுறையைச் சேர்ந்த ஓர் இளைஞன், தனக்குத் தாயல்லாத ஒரு தாயின் துயரத்தை எந்த அளவுக்கு அறிய முடியும், எந்த இடத்தில் அவன் அறிவு நின்றுவிடுகிறது என்பதையே நாவல் நிதானமாகத் துருவுகிறது. நீண்ட வாக்கியங்களுக்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரருக்கு இந்நூலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுதலையாக, ஷெஹான் கருணாதிலகவின் 2022 புக்கர் பரிசு பெற்ற நாவலை வேகமாகவே வாசிக்கலாம். 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் கொல்லப்பட்ட மாலி அல்மேதா என்ற புகைப்படக் கலைஞன் ஆவியாகி அலைகிறான். அவனுடைய தாய் பொலிஸ் நிலையத்துக்கு வந்து மகனைக் காணவில்லை என்று முறையிடும்போது, அவன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். உயிரோடு இருந்த காலத்தில் தந்தை பிரிந்துபோனதற்குத் தாயையே குறைகூறிக்கொண்டிருந்த மகன் அவன். நச்செள்ளையாரின் பாடலில் தாய் மகனின் பிணத்தைத் தேடிக் கண்டாள். இங்கே இறந்த மகன், தன்னைத் தேடும் தாயைக் காண்கிறான், அவனுக்கு வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வழியில்லை. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் பார்வையின் திசை இப்படித் திரும்பியிருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

வெளியுலக எழுத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் மகன்கள் தாயைப் பற்றி எழுதிய நாவல்கள் பெருகியுள்ளன. டக்ளஸ் ஸ்டுவர்ட்டின் 'ஷகி பெய்ன்' (2020) கிளாஸ்கோ நகரில் குடிக்கு அடிமையான தாயைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பும் சிறுவனின் கதை. வியட்நாமிய வம்சாவளிக் கவிஞர் ஓஷன் வுவாங் 2019இல் எழுதிய நாவல், எழுத்தறியாத தாய்க்கு மகன் எழுதும் கடிதமாக அமைந்தது. அவள் ஒருபோதும் வாசிக்கப் போவதில்லை என்பதாலேயே அவனால் எல்லாவற்றையும் எழுத முடிகிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த உத்தியின் வலி சட்டென்று விளங்கும். தாயோடு பேசும் மொழி ஒன்று, தன் மனத்தை எழுதும் மொழி வேறொன்று என்ற நிலை அவர்களுக்குப் புதிதன்று. தமிழில் பெருமாள்முருகனின் 'தோன்றாத் துணை', தம் தாயைப் பற்றிய கட்டுரைகளின் தொகுப்பு. காட்டிலும் தொழுவத்திலும் உழைத்த ஒரு பெண்ணின் கணக்குவழக்கும் பிடிவாதமும் அதில் துதியின்றிப் பதிவாகியுள்ளன.

இவையெல்லாம் மகனின் பக்கமிருந்து எழுதப்பட்டவை. தாய் தானே பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஆங்கில நூல்கள் போதும். லயனல் ஷ்ரைவரின் 2003ஆம் ஆண்டு நாவலில், பாடசாலையில் படுகொலை செய்த ஒரு பதின்வயதினனின் தாய் கணவனுக்குக் கடிதங்கள் எழுதுகிறாள். பிறந்த நாள் முதல் அவனை நேசிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் அவள், அவன் அப்படி ஆனதற்குத் தான் காரணமா என்ற கேள்வியிலிருந்து தப்பவே முடிவதில்லை. தந்தையிடம் ஊர் அவ்வளவு கடுமையாகக் கேட்காத கேள்வி அது. அயர்லாந்து எழுத்தாளர் கொலம் டோபீனின் 'த டெஸ்டமென்ட் ஒஃப் மேரி' (2012) இன்னும் துணிச்சலானது. இயேசுவின் தாய் முதுமையில் தன் மகனின் மரணத்தை நினைவுகூர்கிறாள். அவளிடம் வந்து அமர்ந்திருக்கும் சீடர்கள் தங்களுக்குத் தேவையான கதையை அவள் வாயிலிருந்து பெற முயல, அவளோ தான் கண்டதை மட்டும் சொல்வேன் என்கிறாள். ஊர் சொன்னதைக் கேட்டு மகிழவோ நோகவோ செய்த பழைய தாயின் நேர் எதிர்நிலை இது.

தாயைப் பாதிக்கப்பட்டவளாக மட்டும் காண்பதும் ஒரு சோம்பல்தான். பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவலில், சாதி தெரியாத ஒரு பெண்ணை மணந்துகொண்டு ஊருக்கு வரும் குமரேசனின் தாய் மாராயி, மருமகள் சரோஜாவை நாள்தோறும் சொல்லால் வதைக்கிறாள். மகன் மீது அவளுக்குள்ள அன்பு பொய்யன்று. இளம் வயதில் விதவையாகி அவனையே பற்றி வாழ்ந்தவள் அவள். அந்த அன்பே சாதியின் கைக்கருவியாகும்போது அது எவ்வளவு கொடியதாகிறது என்பதை நாவல் காட்டுகிறது. கொழும்பில் கலியாணப் பேச்சுகள் நடக்கும் வீடுகளில், சீதனத்தையும் குலம் கோத்திரத்தையும் விசாரிக்கும் தாய்மாரின் குரல்களைக் கேட்டவர்களுக்கு மாராயி அந்நியமாகத் தெரியமாட்டாள். மகனும் பெரும்பாலும் அக்குரலுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்கிறான். 'அம்மாவுக்கு விருப்பமில்லை' என்ற ஒரு வரியில் எத்தனையோ காதல்கள் முடிந்திருக்கின்றன.

தொடங்க விரும்புபவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியதில்லை. முதலில் புறநானூற்றின் 86ஆம், 278ஆம் பாடல்களை உரையோடு வாசித்துவிட்டு, 'கோசலை'யை ஒரே அமர்வில் முடிக்கலாம். அதன்பின் 'அம்மா வந்தாள்'. அதை வாசிக்கும்போது அலங்காரத்தம்மாளின் நினைவுகள் எந்த இடங்களில் நேரடியாகத் தரப்படுகின்றன, எந்த இடங்களில் அப்புவின் ஊகமாக வருகின்றன என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போவது உதவும். ஆங்கிலம் வாசிப்பவர்கள் 'ஃபன்னி போய்' நூலின் முதற்கதையையும் மூன்றாவது கதையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தாய் தனியே இருக்கும் காட்சி ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். அர்ஜியே கதைசொல்லி என்பதால் அப்படியொரு காட்சி இருக்க வழியில்லை. கதவு சாத்தியபின் அந்த அறைக்குள் அவள் என்ன செய்தாள் என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம். அவளே சொல்லும் கதையாக அதை எழுதினால் எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்ப்பது, கோட்பாட்டு நூல்களுக்குப் போவதற்கு முன் செய்யத்தக்க நல்ல பயிற்சி.